மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பின் வீட்டுப் பயிற்சி: முதலில் நீட்டுங்கள், அப்புறம் மடக்கலாம்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிற சொந்தபந்தம் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "கால் எவ்வளவு மடங்குதுங்க?" நேராக நீட்ட முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கோபி பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் அம்மாவின் வலது முழங்காலுக்குக் கூடவே இருந்து பயிற்சி கொடுத்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்: முதல் சில வாரங்களில் நீட்டுவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முழங்காலில் முழு மூட்டு மாற்று செய்துகொண்டவரை வீட்டில் கவனிக்கும் மகன், மகள், மருமகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் டாக்டரோ பிசியோவோ வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்.

வீட்டைத் தயார் செய்வது

கயிற்றுக் கட்டில் வேண்டாம். நடுவில் தொய்ந்துவிடும், முழங்கால் எந்நேரமும் லேசாக மடங்கியே கிடக்கும், எழுந்திருப்பதும் பாடு. மரக்கட்டிலில் கெட்டியான மெத்தை போட்டு, உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும் என்பதால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடக்கிற வழியில் விரித்திருக்கும் ஜமுக்காளம், மிதியடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கமோடு நாற்காலி வாங்கத்தான் வேண்டும்.

வாக்கரில் சக்கரம் இல்லாததே என் தேர்வு. எங்கள் பக்கத்து வீடுகளில் நிலவுப்படி, முற்றம், தண்ணீர் தெளித்த வாசல் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வாக்கரின் கைப்பிடி வர வேண்டும். கடையில் கொடுத்த உயரத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

படி 1: கணுக்கால்

பாதத்தை முன்னும் பின்னும் நன்றாக அசைப்பது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, 10 அல்லது 20 தடவை. கெண்டைக்கால் ரத்தம் தேங்காமல் ஓடவும் கட்டி பிடிக்காமல் இருக்கவும் இது. வலிக்காத பயிற்சி என்பதாலேயே பலரும் விட்டுவிடுகிறார்கள்.

படி 2: நீட்டுவது

எங்களை அதிகம் இழுத்தடித்தது இதுதான். அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு முன்பே சில வருடங்களாக முழுதாக நீளாமல் இருந்தது. மூட்டை மாற்றினாலும், அதன் பின்பக்கம் இறுகிப்போன தசையும் சவ்வும் பழையவைதானே. அவற்றை இளக்குவது நம் வேலை.

இதற்கு முதல் எதிரி தலையணை. ஆபரேஷன் ஆன மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும். முழங்காலை லேசாக மடக்கி வைத்தால் அந்த நீருக்கு இடம் கிடைத்து வலி குறையும். அதனால்தான் அம்மா அடிக்கடி, "முட்டிக்கு அடியில ஒரு தலகாணி வைய்யி சாமி" என்பார். வைத்தால் உடனே முகம் தெளியும். ஆனால் அப்படியே பழகிவிட்டால், உள்ளே உருவாகும் தழும்பு அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும். அப்புறம் நிற்கும்போதெல்லாம் தொடைத்தசை ஓயாமல் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், நடை நொண்டும், இடுப்பும் வலிக்கும்.

எனவே, முழங்காலுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். காலை உயர்த்தி வைக்க வேண்டுமானால் கெண்டைக்காலில் இருந்து குதிகால் வரை தலையணை கொடுங்கள். பயிற்சிக்கு, சென்னிமலைப் போர்வை ஒன்றைக் கெட்டியாகச் சுருட்டிக் குதிகாலுக்கு மட்டும் அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கும். அதன் சொந்த எடையே அதைக் கீழே இழுக்கும். கட்டைவிரல் கூரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தால் முழங்கால் தானாக மடங்கிக்கொள்ளும். தொடைக்கு வெளிப்புறம் ஒரு துண்டை அண்டக் கொடுங்கள். முதலில் 5 நிமிடம் தாங்கினாலே போதும். போகப் போக 10, 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. அம்மாவுக்கு டிவி சீரியல் நேரம்தான் ஒத்து வந்தது. குதிகாலை ஏற்றி வைத்தால் அடுத்த விளம்பரம் வரை இறக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

அளந்து பார்க்கக் கருவி தேவையில்லை. படுக்கையில் காலை நீட்டச் சொல்லி முழங்காலுக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை நுழையுங்கள். எளிதாகப் போய் வந்தால் இன்னும் நீள வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், தினமும் பார்த்தால் மனசு சோர்ந்துவிடும். நீட்டுவதற்காக முழங்காலின் மேல் யாரும் கையை வைத்து அழுத்த வேண்டாம். அது பிசியோவின் வேலை.

படி 3: தொடைக்கு வலு

ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் முன்தொடைத் தசை ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். மூட்டு வீக்கத்தால் தசைக்குப் போகும் கட்டளையே குறைந்துபோவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். "தூக்கறேன், தூக்க முடியலீங்க" என்று பெரியவர்கள் சொல்வது சோம்பலால் அல்ல, தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

முதலில் காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்தச் சொல்லுங்கள். 5 நொடி பிடித்து விட வேண்டும். 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. தொடையில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், தசை கல்லாக இறுக வேண்டும். இது வந்த பிறகுதான் காலை நேராகத் தூக்கும் பயிற்சி. தூக்கும்போது முழங்கால் தொய்ந்து மடங்கினால் இன்னும் நேரம் வரவில்லை, அழுத்தும் பயிற்சிக்கே திரும்புங்கள்.

படி 4: மடக்குவது

படுத்தபடி குதிகாலை மெத்தை மேலேயே உட்பக்கமாக இழுப்பது. காலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும். நாற்காலியில் உட்கார்ந்து செய்வது எனக்கு இன்னும் பிடித்தது: பாதத்தை முடிந்தவரை பின்னால் இழுத்துத் தரையில் ஊன்ற வேண்டும், பிறகு பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் முன்னால் நகர்த்தி 10 நொடி இருக்க வேண்டும். எவ்வளவு வலி தாங்கலாம் என்பதை அவரே முடிவு செய்வதால் பயம் இருக்காது.

இரண்டு வாரத்தை ஒட்டி 90 டிகிரி, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் 110 முதல் 120 என்பது பொதுவான இலக்கு. நாற்காலியில் இருந்து சிரமமில்லாமல் எழ 90க்குச் சற்று மேலே வேண்டும். ஆறு வாரமாகியும் 90 வரவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சை உண்டு, அதற்கும் காலம் கடந்துவிடக் கூடாது.

தானாகக் காலை மடக்கி நீட்டும் மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதனால் பெரிய பலன் இல்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பணத்துக்கு பிசியோ வீட்டுக்கு இன்னும் சில தடவை வந்து போவார்.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்பாகப் போடும்படி டாக்டரிடம் கேட்டு நேரம் அமைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் ஐஸ்: உடைத்த ஐஸைக் கவரில் போட்டுத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம். அடுத்த நாள் வீக்கமும் வலியும் கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

நடையும் படிக்கட்டும்

வாக்கர் முன்னே, அப்புறம் ஆபரேஷன் செய்த கால், கடைசியில் நல்ல கால். குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். ஊன்றுகோலுக்கு மாறும்போது அதை எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், வலது முழங்கால் என்றால் இடது கையில். பார்ப்பவர்கள் தப்பு என்பார்கள், மாற்றாதீர்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

பிறகு சேர்த்தவை

படித்துவிட்டுக் கேட்டவர்களின் கேள்விகளில் எனக்குத் தோன்றாதவை பல இருந்தன.

நிறையப் பேர் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். ஆரம்ப வாரங்களில் சூடு வீக்கத்தைக் கூட்டும், வேண்டாம். எண்ணெய் தேய்த்து நீவுவதையும், குறிப்பாகக் கெண்டைக்காலில், அறவே தவிருங்கள். அங்கே ரத்தக்கட்டி இருந்தால் நீவுவது ஆபத்து. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் ஐஸ் வைக்கும்போது தோலை அடிக்கடி பார்க்க வேண்டும்.

தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போவது அங்குள்ள சிறு நரம்பு வெட்டுப்படுவதால், சகஜம். நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் சத்தம் அது. வலியில்லாதவரை கவலை வேண்டாம். கதகதப்பும் வீக்கமும் சில மாதங்கள் இருக்கும்.

ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீரோ சீழோ கசிந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108ஐ அழையுங்கள்.

இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் மாற்றியவருக்கு எது நல்ல கால் என்று ஈரோட்டில் இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். எது உறுதியாக நிற்கிறதோ அதுவே. வாரா வாரம் அது மாறலாம்.

பழனிக்கு எப்போது போகலாம் என்ற கேள்வி வராத வாரமில்லை. படியேறும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு விஞ்ச் அல்லது ரோப் காரில் போங்கள். சென்னிமலைக்கும் மருதமலைக்கும் மேலே வரை வண்டிப் பாதை இருக்கிறது. தோட்டத்தில் வரப்பு மேல் நடப்பதை மட்டும், வீட்டுக்குள் கோல் இல்லாமல் நொண்டாமல் நடக்கும் வரை அனுமதிக்காதீர்கள். அதன் பிறகும் முதலில் வண்டித்தடத்தில், கோலோடு, ஈரம் காய்ந்த நேரத்தில்.