பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டால் முதலில் வயதுச் சான்றை எடுங்கள்

எங்கள் வேலூர் பக்கம் ஒரு பைக்கோ செல்போனோ காணாமல் போனால் சந்தேகம் முதலில் போய் நிற்பது இருளர் குடியிருப்பிலும் குறவர் தெருவிலும் காலனியிலும்தான். 1871-ல் வெள்ளைக்காரன் சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திப் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்து பல தலைமுறை ஆயிற்று, அந்தச் சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாத பையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று போன் வந்தால் இப்படிச் செய்யுங்கள்.

கிளம்பும்போதே வயதுக்கான சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டம் 94-ம் பிரிவின்படி முதலில் பார்ப்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஐந்தாவதோடு நின்ற பையனுக்கும் பள்ளிப் பதிவேட்டில் தேதி இருக்கும், தலைமையாசிரியரைப் பார்த்து அந்தத் தேதிக்குச் சான்றிதழ் வாங்கிவிடலாம். ஒரு பாட்டி அரிசிப் பானைக்குள் பாலிதீன் கவரில் வைத்திருந்த டி.சி.யைக் கொண்டுவந்தார், மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது, தேதி மட்டும் தெளிவாக இருந்தது. பெரியவர்கள் ஜெயிலுக்குப் போகாமல் பேரன் தப்பியது அந்தக் காகிதத்தால்தான்.

ஸ்டேஷனில் குழந்தைகள் நல போலீஸ் அதிகாரி யார் என்று கேளுங்கள். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவசம்தான்.

சரி, ஜாமீன். அதே சட்டத்தின் 12-ம் பிரிவின்படி அதைக் கொடுப்பதுதான் வழக்கம், மறுத்தால் குழுமம் காரணம் எழுத வேண்டும். நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியவில்லையா, நிபந்தனையை மாற்றச் சொல்லி மறுபடி குழுமத்தின் முன் நிறுத்தியே ஆக வேண்டும். இது தெரியாமல் ஏழைப் பிள்ளைகள், வழக்கு நடக்கும்போது சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அப்புறம் பையனின் குடும்ப நிலையை விசாரிக்க நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், 15 நாளில் அவர் கொடுக்கும் அறிக்கையை வைத்துத்தான் பலதும் முடிவாகும். பையன் யார் பொறுப்பில் இருப்பான் என்று சொல்லுங்கள், திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பள்ளியிலோ, வேலை கற்றுக்கொடுக்கிறேன் என்று வெல்டிங் பட்டறைக்காரரிடமோ ஒரு கடிதம் வாங்கிக் கையில் கொடுங்கள். 18-ம் பிரிவில் அறிவுரை, கவுன்சலிங், சமூக சேவை, பெற்றோர் பொறுப்பில் கண்காணிப்பு எல்லாம் இருக்கிறது, அதைத்தான் கேட்க வேண்டும். 16 வயதுக்கு மேல், கொலை மாதிரி கொடுங்குற்றம் என்றால் கதை வேறு, வக்கீல் இல்லாமல் ஓர் அடி வைக்காதீர்கள்.

பையன் போட்டோவை யாராவது ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் 74-ம் பிரிவில் அது குற்றம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.