‘கட்’ சொல்லும் அவசரம்: மாணவர் குறும்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களை எடிட்டிங் கட்டத்தில் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி எனக்கு அடிக்கடி அழைப்பு வரும். கேமரா மாறிவிட்டது, மென்பொருள் மாறிவிட்டது. தவறுகள் மட்டும் நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகள். ஃபோகஸ் போனது, பேட்டரி தீர்ந்தது, ஃபிரேம் சாய்ந்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை பட்டால் அவை தானே திருந்திவிடும். பட்ட பிறகும் எதனால் பட்டோம் என்று தெரியாமல் போகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

வசனத்துக்கு ஒரு ஷாட், உடனே ‘கட்’

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாணவர்கள் ஷாட் ஷாட்டாகக் கட்டம் போட்டு ஸ்டோரிபோர்டு வரைந்துகொண்டு வருகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதில் ஆறு கட்டம் இருந்தால் ஆறு துண்டு மட்டும் எடுக்கிறார்கள். அப்பா ஒரு வரி பேசுவார், கட். கேமராவைத் திருப்புவார்கள். மகன் ஒரு வரி பேசுவான், கட். எல்லாத் துண்டும் கையில் இருக்கிறது, ஒட்டினால் படம் வந்துவிடும் என்று நினைப்பு. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்று தெரியும்.

ஒரு குழுவின் படத்தில் ஈசூன் வட்டார அடுக்குமாடி புளோக் ஒன்றின் திறந்த கீழ்த்தளத்தில் நடக்கும் காட்சி. கல்மேசையில் அப்பாவும் மகனும் எதிரெதிரே. படிப்பை விட்டுவிட்டேன் என்று மகன் சொல்கிறான். படத்தின் உயிரே அந்த இடம்தான். அப்பாவாக நடித்தவர் பல ஆண்டுகள் மேடை நாடகத்தில் நடித்த பெரியவர். சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து நேராக வந்து உட்கார்ந்தவர். ஒத்திகையை ஒரு மாணவி கைபேசியில், தூணுக்குப் பின்னாலிருந்து, பாதி மறைந்த மாதிரி எடுத்து வைத்திருந்தாள். அதில் பார்த்தேன். மகன் சொல்லி முடித்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. தே தாரிக் தேநீர் கிளாஸை மேசையில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். கண் கலங்கியிருந்தது. அப்புறம்தான் “எப்போ?” என்று கேட்டார்.

கேமராவில் எடுத்த காட்சியில் அது இல்லை. ஏனென்றால் அப்பாவின் ஷாட் அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் எடுக்கப்பட்டது. ஆக்‌ஷன், “எப்போ?”, கட். இரண்டு வினாடி. மகன் சொல்வதைக் கேட்கிற முகம் எங்குமே பதிவாகவில்லை. பிள்ளைகள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வேகத்தைக் குறைத்தார்கள், ஃபிரேமை நிறுத்தி வைத்தார்கள், கிளாப் அடிப்பதற்கு முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருந்த நொடிகளை எடுத்துச் செருகினார்கள். அதில் அவர் தலைக்கு மேல் தொங்கிய மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, திரும்ப எடுக்கலாம் என்று போனால் அந்த வாரக் கடைசியில் அதே கீழ்த்தளத்தில் துக்க வீட்டுக் கூடாரம். அடுத்த முறை இடம் கிடைத்தபோது மகனாக நடித்த பையன் கட்டாயப் படைச் சேவையான தேசிய சேவைக்குப் போய்த் தலைமுடியை இழந்திருந்தான். கடைசியில் பின்னணிக் குரலில் இரண்டு வரி சொல்லி ஒப்பேற்றினார்கள். ஒரு பெரியவர் மனசு வைத்துக் கொடுத்ததை வாங்கி வைக்க ஆளில்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் சோவியத் இயக்குநர் குலெஷோவின் பரிசோதனையை எல்லாரும் வகுப்பில் படிக்கிறார்கள். சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஒரு சிறுமி, சாய்ந்திருக்கும் ஒரு பெண் என்று வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டினால், பார்ப்பவர் அந்த முகத்தில் பசி, துயரம், ஆசை என்று வெவ்வேறாகக் காண்கிறார். தேர்வில் இதை எழுதிவிட்டு வந்து, பேசாத முகத்துக்குக் கேமராவை ஓடவிட யோசிக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். காட்சி முழுவதையும் முதலில் இருவரும் தெரியும் வைட் ஷாட்டில் ஓடவிடுங்கள். பிறகு அப்பா பக்கம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, அவர் பேசாத இடங்களையும் சேர்த்து. பிறகு மகன் பக்கம் அதே மாதிரி. கேமரா ஓடத் தொடங்கி ஐந்து எண்ணிய பிறகு ஆக்‌ஷன். கடைசி வரி முடிந்து ஐந்து எண்ணிய பிறகு கட். அந்த நொடிகள் இருந்தால்தான் மகனின் குரல் அப்பாவின் முகத்தின் மேல் கேட்கும்படி வெட்ட முடியும். உட்காருவது, எழுவது, கதவைத் திறப்பது எல்லாம் முந்தைய ஷாட்டின் முடிவிலும் அடுத்த ஷாட்டின் தொடக்கத்திலும் இருக்கட்டும். அசைவின் நடுவே வெட்டினால் வெட்டு தெரியாது. கிளாஸ் எந்தச் சொல்லின்போது எந்தக் கையில் இருந்தது என்று ஒருவர் குறித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பக்கத்து ஷாட்டுகளை எல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் திரும்புங்கள். நம் ஊர் மேகம் பத்து நிமிடத்தில் வெளிச்சத்தை மாற்றிவிடும்.

மெமரி கார்டு நிரம்பிவிடும் என்று சாக்குச் சொல்வார்கள். 16 மிமீ ஃபிலிமில் 400 அடிச் சுருள் 11 நிமிடம்தான் ஓடும், கழுவுவதற்கும் காசு. அன்றைய சிக்கனத்தில் நியாயம் இருந்தது. இன்று வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு இரண்டரை மணி நேரத்துக்குத் தாங்கும்.

இன்னொன்று. அன்று எடுத்ததை அன்று இரவே ஒட்டிப் பாருங்கள், கேமரா பிடித்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். அந்தக் குழு படப்பிடிப்பு முழுக்க முடிந்து பல வாரம் கழித்துத்தான் கோப்புகளைத் திறந்தது. முதல் நாள் இரவே பார்த்திருந்தால் மறுநாள் மாலை அந்தப் பெரியவரை இன்னொரு முறை உட்கார வைத்திருக்கலாம். கேமரா பிடித்த பையனுக்கும் எங்கே தவறினோம் என்று அப்போதே புரிந்திருக்கும்.

ஊர்ந்து போகும் பட்டைகள்

சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கைபேசிகளோ பெரும்பாலும் வினாடிக்கு 30 ஃபிரேமில் அமைக்கப்பட்டு வருகின்றன. ஷட்டர் 1/60 வினாடியில் நின்றால் காப்பிக்கடைக் குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் பட்டைகள் ஊரும், அல்லது வெளிச்சம் துடிக்கும். கேமராவின் சின்னத் திரையில் அது கண்ணில் படாது. 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30இல்தான் எடுக்க வேண்டும் என்றால் ஷட்டர் 1/50 அல்லது 1/100. சில மலிவான எல்இடி விளக்குகள் இதற்கும் அடங்குவதில்லை, அதனால் இடம் பார்க்கப் போகும் அன்றே ஒரு நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் ஓட்டிப் பாருங்கள்.

குளிரறையிலிருந்து நேராக வெயிலுக்கு

லென்ஸ் மங்கும். துடைத்தாலும் திரும்ப மங்கும். கேமராவைப் பையிலேயே மூடி வைத்து, அரை மணி நேரம் முன்னதாக வெளியே கொண்டு வந்துவிடுங்கள்.

ஆளில்லாத ஒலி

ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 வினாடி தனியாகப் பதிவு செய்யுங்கள். குயில் கூவும்போது எடுத்த டேக்கையும் கூவாதபோது எடுத்த டேக்கையும் அந்த வெறும் ஒலியைப் பின்னால் ஓடவிடாமல் ஒட்ட முடியாது.

வசனம் புரியாத எடிட்டர்

நம் பிள்ளைகளின் குழுவில் சீன நண்பரோ மலாய் நண்பரோ எடிட் செய்வது இங்கே சாதாரணம். திறமையில் குறையிருக்காது. ஆனால் தமிழ் தெரியாதவர் மௌனத்தை வைத்துத்தான் வெட்டுவார். நடிகர் வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு கடைசிச் சொல்லை வெட்டி எறிந்துவிடுவார். வசனத்தை ரோமன் எழுத்தில், எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்ற குறிப்போடு எழுதிக் கொடுங்கள். முக்கியமான காட்சிகளுக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முதலில் பாட்டு

வேண்டாம். காட்சி இசையே இல்லாமல் ஓடும்போதும் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தினால் அப்புறம் இசை.

அனுமதி

கீழ்த்தளத்துக்கு நகர மன்றம், எம்ஆர்டி நிலையத்துக்கு ரயில் நிறுவனம். நடிகர்களுக்குத் தேதி சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கார்டை அழிப்பது

இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஃபார்மேட். அந்தப் பொறுப்பு கடைசி நாள் வரை ஒரே ஆளிடம் இருக்கட்டும்.