பிக்கப்பில் குடும்ப முகாம்: எடைமேடையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கதவுத் தூணைப் பாருங்கள். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் அங்கேயோ எஞ்சின் அறையிலோ ஒரு தகடு இருக்கும். ஆட்களும் சுமையும் சேர்ந்து வண்டி மொத்தம் எவ்வளவு எடை வரை போகலாம், முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்லும். மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு. கூடாரம், குளிர்பெட்டி, தண்ணீர், குழந்தைகள் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

எங்கள் இரட்டை கேபின் பிக்கப்பில் அது 780 கிலோ. கேட்கப் பெரிய எண்ணாகத்தான் இருந்தது. நாங்கள் நால்வரும் ஏறி உட்கார்ந்ததும் 190 போயிற்று. சுமைப்பெட்டியை மூடும் கண்ணாடியிழைக் கூடு 70, இழுப்பறை 60, குளிர்பெட்டியும் அதில் உள்ளவையும் 40, தண்ணீர் 60. படுக்கை, கூடாரம், மேசை, நாற்காலி எதையும் இன்னும் ஏற்றவில்லை. அதற்குள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: சில நாடுகளில் வெற்று எடையிலேயே ஓட்டுநருக்கென 75 கிலோவைச் சேர்த்துவிடுகிறார்கள், சில இடங்களில் சேர்ப்பதில்லை. உங்கள் கையேட்டில் எந்தக் கணக்கு என்று பார்த்துவிட்டுக் கழியுங்கள்.

தாளில் போட்ட கணக்கை அப்படியே நம்பவும் வேண்டாம். பயணத்துக்குப் புறப்படுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, எரிபொருள் தொட்டியை நிரப்பி, குடும்பத்தோடு எடைமேடைக்குப் போங்கள். முழு வண்டியை ஒரு முறையும், முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறையும், பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள். என் கணக்குக்கும் மேடை காட்டியதற்கும் 65 கிலோ வேறுபாடு இருந்தது. அவ்வளவும் சில்லறைச் சாமான்கள்: போல்ட்டுகள், இரும்புப் பட்டைகள், கயிறுகள், பாய்கள், குழந்தைகளின் புத்தகப் பை.

முதல் ஆண்டில் நான் செய்த தவறு பெரியது. வண்டியின் முன்னால் எஃகு பம்பரும், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சும், கூரையில் இரும்புச் சட்டமும் அதன்மேல் இரண்டு கேன்களும், பின்னால் கூடுதலாக ஒரு டயர் என்று ஏற்றிக்கொண்டு போனேன். வளைவுகளில் வண்டி சாய்ந்தது. பிரேக் பிடித்தால் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டியதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. திரும்பி வந்த வாரமே எல்லாவற்றையும் கழற்றினேன். வின்ச் இல்லாமல் மீள முடியாத பாதை என்று தெரிந்தால் குடும்பத்தோடு அதில் இறங்குவதில்லை, வண்டியைத் திருப்பிக்கொள்கிறேன்.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோ தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3.1 மீட்டர். ஏற்றம் இறைப்பது போலத்தான்: பின் அச்சில் ஏறுவது 100 அல்ல, சுமார் 139 கிலோ. முன் அச்சிலிருந்து 39 கிலோ தூக்கப்பட்டுவிடும். முன் சக்கரங்களின் பிடி குறையும், ஸ்டீயரிங் லேசாகும், விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஆகவே கனமானவை எல்லாம் தாழ்வாக, கேபின் சுவரை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். எங்கள் வண்டியில் தண்ணீரும் பேட்டரியும் அங்கேதான். படுக்கையும் துணியும் மேலே, பின்னே.

ஸ்பிரிங்கை மாற்றினால் தாங்கும் எடை கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கனமான லீஃப் ஸ்பிரிங் வண்டியின் பின்புறத்தை நிமிர்த்தும்; தகட்டிலுள்ள எண்ணை அது மாற்றாது. ஸ்பிரிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பைகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. அவை பாரத்தை சேஸிஸின் ஓரிடத்தில் குவிக்கின்றன. அளவுமீறிய சுமையோடு குண்டும் குழியுமான பாதையில் போனால் சேஸிஸே வளையக்கூடும். எப்போதும் ஏற்றியிருக்கும் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைப் போடுங்கள். தேவைக்கு மேல் கடினமானதைப் போட்டால் வண்டி குதிக்கும். குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள்.

இனி அடுக்கும் முறை. நான் ஒரே ஒரு காட்சியை மனத்தில் வைத்துத்தான் எங்கள் சுமைப்பெட்டியை அமைத்தேன். இருட்டிவிட்டது. மழை தூறுகிறது. சின்னவன் இருக்கையிலேயே தூங்கிவிட்டான், மூத்தவள் பசியில் சிணுங்குகிறாள். பின்கதவைத் திறந்ததும் என் கை எதைத் தேடும்? தலையில் மாட்டும் விளக்கு. பிறகு மழை அங்கி. பிறகு, சமைக்காமல் உடனே சாப்பிடக் கூடியவை இருக்கும் ஒரு சிறு பெட்டி. பிறகு கூடாரம். இந்த வரிசையிலேயே அவை பின்கதவருகில் இருக்கின்றன. கூடாரத்தை எடுக்க வேறு எந்தப் பொருளையும் நகர்த்த வேண்டியதில்லை. பல வண்டிகளில் கூடாரம் அடியில் இருக்கும். மற்றதையெல்லாம் மழையில் இறக்கி வைத்த பிறகுதான் அதை எடுக்க முடியும். அதற்குள் குழந்தைகள் நனைந்துவிடுவார்கள்.

இந்த வரிசை உட்கார்ந்து யோசித்து வந்ததல்ல. பலகையை அறுப்பதற்கு முன் இரண்டு பயணங்களுக்கு வெறும் அட்டைப்பெட்டிகளை வைத்துக்கொண்டு போனோம். எந்தப் பெட்டியை அடிக்கடி திறக்கிறோம், எது இரண்டு நாளும் மூடியே கிடக்கிறது என்று என் மனைவி பெட்டிகளின் மேலேயே கோடு போட்டுக் கணக்கு வைத்தாள். அதைப் பார்த்த பிறகு, நான் வரைந்து வைத்திருந்த இரண்டு முழுநீள இழுப்பறைகளும் ஒரே ஒரு அரைநீள இழுப்பறையாகச் சுருங்கின. 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை போதுமானதாக இருந்தது. நீங்களும் அட்டைப்பெட்டியோடு ஒரு முறையாவது போய்வாருங்கள்.

எதை வைத்தாலும் கட்டி வையுங்கள். 20 மடங்கு புவியீர்ப்பு விசை எழும் ஒரு மோதலில் 40 கிலோ குளிர்பெட்டி 800 கிலோ சுமையைப் போல முன்னோக்கிப் பாயும். சுமைப்பெட்டியில் தயாரிப்பாளரே வைத்திருக்கும் கொக்கிகளில் ராட்செட் பட்டையால் இறுக்குங்கள். மெல்லிய தகட்டில் திருகிய சிறு வளையங்களை நம்ப வேண்டாம். கேபினுக்குள் கட்டாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட. குழந்தை இருக்கைகளை எல்லாவற்றுக்கும் முன்னால் பொருத்திவிடுங்கள். பிக்கப்பில் பின் இருக்கைக்கும் கேபின் சுவருக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் இடம் அங்கேதான் ஒளிந்திருக்கும். வேறு சாமானை அங்கே திணித்துவிட்டால் அந்தப் பட்டையைச் சரியாக இறுக்க முடியாது.

தூசியைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மண்பாதையில் வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. பின்கதவின் இடுக்குகள் வழியாகத் தூசி உள்ளே இழுக்கப்படுகிறது. முதலில் ரப்பர் பட்டையால் எல்லா இடுக்கையும் அடையுங்கள். பின்கதவின் கீல் பக்கம்தான் பலர் மறப்பது. பிறகு கூட்டின் மேற்பகுதியில் முன்னோக்கி ஒரு காற்றுவழி வையுங்கள். ஓடும்போது அதன் வழியே நுழையும் காற்று உள்ளழுத்தத்தைச் சற்று உயர்த்தும், தூசி வெளியே தங்கும்.

உறங்க, கூரைக் கூடாரமா தரைக் கூடாரமா? கூரைக் கூடாரம் விரிக்க எளிது, தரை ஈரமாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் 50 முதல் 80 கிலோ வரை எடை, அதுவும் வண்டியின் உச்சியில். ஓடும்போது கூரை தாங்கும் எடையும் நிற்கும்போது தாங்கும் எடையும் வேறு வேறு. வாங்கும் முன் ஓடும்போதைய எண்ணைப் பாருங்கள். எங்களுக்கு முடிவைச் சொன்னது ஓர் இரவு. சிறுநீர் கழிக்க இறங்கிய சின்னவன் ஈரமான ஏணியில் கால் வழுக்கி விழுந்தான். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. அடுத்த பயணத்திலிருந்து தரைக் கூடாரம். பிள்ளைகள் பெரியவர்களானால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். தரையில் படுப்பவர்கள் காற்று மெத்தையை மட்டும் நம்பாதீர்கள். குளிர் அடியிலிருந்து ஏறும். காற்று புகாத மூடிய கண்ணறைகள் கொண்ட நுரைப் பாய் ஒன்றை அதன்கீழ் விரித்தால் குழந்தைகள் விடியும்வரை புரளாமல் தூங்குவார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எரியும் அடுப்பையோ கரி நெருப்பையோ, அணைந்தது போலத் தெரியும் கரியையோ, கூடாரத்துக்குள்ளும் மூடிய சுமைப்பெட்டிக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குபவர் விழிக்காமலேயே போய்விடுவார். மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி உள்ளங்கை அளவுதான். எங்கள் கூடாரத்தில் எப்போதும் இருக்கிறது. எரிவாயு சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் அறையின் அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும்.

மின்சாரத்தில் குளிர்பெட்டிதான் பெரிய செலவாளி. ஓடும்போது 45 வாட் இழுக்கும் பெட்டி, வெப்பமான நாளில் நேரத்தில் 40 விழுக்காடு ஓடினால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 430 வாட்-மணி. 12 வோல்ட்டில் 36 ஆம்பியர்-மணி. விளக்கும் தொலைபேசியும் இன்னொரு 8. எனவே 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு நாள் தாங்கும். அதே அளவு ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். எடையோ ஏறக்குறைய 30 கிலோ, லித்தியம் 12 கிலோ அளவில் நிற்கும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. எஞ்சின் அறையின் வெப்பத்திலும் வைக்கக் கூடாது. புதிய வண்டிகளில் எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மின்னழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்குவதால், வண்டியின் பேட்டரியையும் இந்த முகாம் பேட்டரியையும் நேராக இணைக்காமல் நடுவே, மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றை வையுங்கள். எங்களுடையது 25 ஆம்பியர். இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு நாள் செலவு திரும்பிவிடும்.

கம்பியின் பருமனில் சிக்கனம் பார்க்காதீர்கள். 5 மீட்டர் தூரத்துக்கு 25 ஆம்பியரைக் கொண்டுபோக 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டேன். போக வர 10 மீட்டரில் 0.7 வோல்ட் காணாமல் போயிற்று. 16 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றியதும் இழப்பு 0.27 வோல்ட்டாகக் குறைந்தது. கம்பியின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஃபியூஸும் இரு முனையிலும், பேட்டரிக்கு மிக அருகிலேயே வேண்டும். தகட்டுத் துளை வழியே கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால், அதிர்வில் உறை தேய்ந்து தீப்பிடிக்கும். உலர் தூள் தீயணைப்பானை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

தண்ணீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று குடிக்கவும் சமைக்கவும் கணக்கிடுகிறோம். நால்வருக்கு மூன்று நாள் என்றால் 60 லிட்டர், 60 கிலோ. ஒரே தொட்டியாக வேண்டாம். ஒன்று உடைந்தாலும் மிச்சம் இருக்கும்படி 10 லிட்டர் கேன்கள் ஆறு. மூத்தவளே ஒன்றைத் தூக்கி வருகிறாள். கழிப்பறைக்குச் சிறு மண்வெட்டி போதும்: நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம்.

டயரில் காற்றழுத்தம் பார்க்கும் மானியும் 12 வோல்ட் கம்ப்ரசரும், பல விலையுயர்ந்த கருவிகளைவிட உதவும். தார்ச்சாலையில் 36 பி.எஸ்.ஐ. வைக்கும் நான் சரளையில் 26, மணலில் 18 வரை குறைக்கிறேன், கூடவே வேகத்தையும். சாலைக்கு ஏறியதும் மறுபடி நிரப்பியாக வேண்டும். சிக்கினால் முதலில் மண்வெட்டி, பிறகு சக்கரத்தின் அடியில் வைக்கும் பலகைகள். இன்னொரு வண்டி இழுக்க நேர்ந்தால், மீட்புக்கென்றே அளவிட்டுப் பொருத்திய கொக்கியில்தான் கயிற்றை மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் குண்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது பிய்த்துக்கொண்டு பறந்து உயிர்களைப் பறித்திருக்கிறது. இழுத்து முடியும்வரை குழந்தைகளோடு ஒரு பெரியவர் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தொலைவில், பக்கவாட்டில் நிற்கட்டும்.

முதல் இரவை வீட்டுக்கு அருகிலேயே கழியுங்கள். மறந்தது என்ன என்று அன்றே தெரிந்துவிடும், திரும்பி வருவதும் எளிது. சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் சாமானை இரண்டு குவியலாக இறக்குகிறோம்: தொட்டவை, தொடாதவை. இரண்டு பயணங்களில் தொடாதது வீட்டிலேயே தங்கும். முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் மூன்றுக்கும் மட்டும் இந்த விதி கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை குழந்தைகளையும் நிறுத்து எழுதுகிறேன். இந்த ஆண்டு இருவரும் சேர்ந்து 7 கிலோ கூடியிருக்கிறார்கள். அதற்கு ஈடாக இரண்டாவது மடக்கு மேசையை இறக்கிவிட்டேன்.