கரீபியன் குரூஸ்: புதிய கப்பலில் முதல் நாள்

கரீபியன் தீவுகளுக்குச் செல்லும் குரூஸ் கப்பல்களில் பல, புளோரிடாவின் மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் துறைமுகங்களிலிருந்து புறப்படுகின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் அன்றைய காலை விமானத்தை நம்பாமல், முந்தைய நாளே வந்து தங்கிவிடுவது நல்லது. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். விமானம் தாமதமானது என்பதற்காகக் கப்பல் காத்திருக்காது.

அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோரை அழைத்துச் செல்லும் குடும்பங்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாவைச் சரிபார்க்க வேண்டும். கப்பல் வேறு நாடுகளுக்குச் சென்று திரும்புவதால் பயணிகள் அமெரிக்காவுக்குள் மறுபடியும் நுழைபவர்களாகவே கருதப்படுவார்கள். ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா, திரும்பும் நாளிலும் செல்லுபடியாக இருந்தாக வேண்டும். வேலை விசாவில் அமெரிக்காவில் வசித்து, பாஸ்போர்ட்டில் உள்ள விசா காலாவதியாகி, தொடர்ந்து தங்கி வேலை செய்ய அமெரிக்கக் குடியேற்றத் துறை தந்த ஒப்புதல் கடிதம் மட்டும் கையில் வைத்திருப்பவர்களுக்கு, கரீபியன் தீவுகளுக்குப் போய்த் திரும்ப அந்தக் கடிதம் போதாது.

துறைமுக வாசலில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடும். மாத்திரைகள், பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அயர்ன் பாக்ஸைக் கொண்டுவர வேண்டாம். தீவிபத்து அச்சத்தால் அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கப்பலில் ஏறியவுடன் எல்லோரும் மேல்தளத்து பஃபேவை நோக்கித்தான் விரைவார்கள். அந்தக் கூட்டத்தில் சேராமல், முதல் ஒரு மணி நேரத்தைக் கப்பலை நடந்து பார்ப்பதற்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அறிமுகமில்லாத கப்பலில் நாம் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் அதன் பரப்பு காரணமல்ல. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பது உள்ளே நிற்கும்போது தெரியாமல் போவதே காரணம். சன்னலில்லாத நீண்ட நடைவழியில் இரண்டு திசைகளும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே முதலில் லிஃப்டுகளும் படிக்கட்டும் சேர்ந்திருக்கும் இடங்களைக் கண்டுகொள்ளுங்கள். பெரிய கப்பல்களில் அவை பொதுவாக இரண்டு அல்லது மூன்று இடங்களில் அமைந்திருக்கும். அங்கெல்லாம் சுவரில் கப்பலின் வரைபடம் மாட்டியிருக்கும். உங்கள் கேபினுக்கு எந்தப் படிக்கட்டு அருகில் இருக்கிறது, அதிலிருந்து வெளியே வந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டுமா வலப்பக்கமா என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில கப்பல்களில் ஒரே தளத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக நடந்துபோக முடியாது. நடுவில் சமையற்கூடம் குறுக்கிடும். அதற்கு அப்பால் உள்ள உணவகத்தை அடைய, ஒரு தளம் ஏறிப் பின்பக்கம் நடந்து மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும். பசியோடும் வயதான பெற்றோரோடும் அந்த வழியைத் தேடிக்கொண்டிருக்காமல், பிற்பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். அப்படியே தலைமைப் பரிமாறுநரைச் சந்தித்து, நீங்கள் சைவம் என்றும், முட்டையும் மீனும் சேர்ப்பதில்லை என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். மறுநாள் இரவுக்கு இந்தியச் சைவ உணவு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டால், பல கப்பல்களில் செய்து தருவார்கள்.

மஸ்டர் ஸ்டேஷன் எனப்படும் அவசரகாலக் கூடுமிடத்தை அறிவது எல்லாவற்றிலும் முக்கியம். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, சில மணி நேரத்துக்கு முன்புதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறியவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் பயிற்சி அளித்தால் போதும் என்பதே அன்றைய விதி. அதன்பின் சர்வதேச விதி மாற்றப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்றானது. ஏழு குறுகிய ஒலிகளும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அதுவே அவசர அழைப்பு. கேபின் அட்டையில் அச்சிட்டிருக்கும் கூடுமிட எண்ணைப் பார்த்துவிட்டு, கேபின் கதவிலிருந்து அந்த இடம் வரை லிஃப்டைத் தொடாமல் படிக்கட்டு வழியாகவே குடும்பத்தோடு ஒருமுறை நடந்து செல்லுங்கள். அவசர வேளையில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது.

குமட்டல் வரும் என்று அஞ்சுபவர்கள், முன்பதிவின்போதே கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்துக் கேபினைக் கேட்டு வாங்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. சாப்பிடுமுன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸை ஆல்கஹால் திரவம் சரியாக அழிப்பதில்லை. கரை மறைவதற்குள் செல்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். கடல்நடு இணைப்புக்கான கட்டணம் மிக அதிகம்.

தீவில் இறங்கும் நாளில் நேரக் கணக்கில் மிகுந்த கவனம் தேவை. உதாரணமாக, மெக்சிகோவின் கோசுமெல் தீவு ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால், கோடையில் அங்குள்ள கடிகாரம் மயாமி நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். செல்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ தன் நேரப்படியே புறப்பட்டுவிடக்கூடும். ஆகவே, இறங்குமுன் வாசலில் எழுதி வைத்திருக்கும் திரும்பி வரவேண்டிய நேரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கப்பல் நேரத்துக்கு வைத்த ஒரு கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.