ஆட்டிசமோ ஏ.டி.ஹெச்.டி.யோ உள்ள ஜூனியருக்கு வேலை சொல்வது எப்படி

"இந்த கேஸைக் கொஞ்சம் பார்த்து வை" என்று சொல்லிவிட்டு சீனியர் கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார். எதைப் பார்ப்பது, எவ்வளவு பார்ப்பது, எப்போது தருவது, ஒன்றுமே அதில் இல்லை. மற்ற ஜூனியர்கள் ஊகித்துச் சமாளித்துவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள ஒருவர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து வழக்குக் காகிதக் கட்டு முழுவதையும் அலசி, நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்து நிற்கலாம், உங்களுக்கு வேண்டியிருந்ததோ ஒரு பக்கக் குறிப்பு. தப்பு, வேலை சொன்னவர் மேல்தான்.

அதனால் எழுதிக் கொடுங்கள். "வழக்கு காலக்கெடுவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இரண்டு பக்கம் போதும், வியாழன் மதியம் 3 மணிக்குள்." நேரில் சொன்னாலும் அப்புறம் இதே இரண்டு வரியை மெசேஜில் போடுங்கள். வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

ஏ.டி.ஹெச்.டி. (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதும் துறுதுறுப்பை அடக்குவதும் சிரமமாக இருக்கும் நிலை) உள்ள பலருக்கு நேரம் போவதே தெரியாது. பல சட்ட நிறுவனங்களிலோ, கட்சிக்காரரிடம் கட்டணம் கேட்பதற்காக, வேலை பார்த்த நேரத்தை 6 நிமிடத்துக்கு ஒரு கணக்காக எழுத வேண்டும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதச் சொல்வது கொடுமை, ஓடிக்கொண்டே இருக்கும் டைமர் ஒன்றைக் கொடுங்கள், அல்லது தினமும் மாலை பத்து நிமிடம் யாராவது கூட உட்காரட்டும். மனு தாக்கல் செய்யும் தேதி ஒன்றை மட்டும் சொல்லி விட்டுவிடாமல், சம்பவ விவரம் எப்போது, சட்டக் காரணங்கள் எப்போது என்று நடுவில் சின்னச் சின்ன கெடு வையுங்கள். தள்ளிப்போனால் சோம்பேறி என்று பெயர் சூட்டாதீர்கள்.

டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் பிழையில்லாமல் எழுதுவதிலும் சிரமம்) இருந்தால், வாசித்துக் காட்டும் மென்பொருள், பிழை பார்க்க இன்னொரு ஆள். கூட்டத்தில் புது ஆவணத்தை நீட்டி எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொல்லவே கூடாது.

சத்தம் தாங்காதவருக்கு ஹெட்ஃபோன் அல்லது தனி அறை. முதல் தடவை வாதாடப் போகிறவரை முந்தின நாளே அந்த கோர்ட் ஹாலுக்கு அழைத்துப் போய், எங்கே நிற்பது, யார் முதலில் பேசுவார் என்று காட்டிவிடுங்கள்.

சான்றிதழ் கொண்டுவா என்று ஆரம்பிக்காதீர்கள். "எப்படி வேலை சொன்னால் உங்களுக்கு வசதி?" என்று ஆபீஸில் எல்லாரிடமும் கேளுங்கள், யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். நம்பிச் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே விடாதீர்கள். நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையே சொல்கிறது, சட்டம் படித்த நாமே இதை மறந்தால் எப்படி?

திருத்தம் சொல்லும்போதும் அப்படித்தான். "இன்னும் நன்றாக எழுது" என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "மூன்றாம் பத்தியில் தேதி வரிசை குழம்பியிருக்கிறது, சரிசெய்யுங்கள்" என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.