நைட்டு வாய் காயுதா? சொம்ப வச்சிட்டு மாத்திரை அட்டைய எடுங்க

எங்கம்மாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும், எந்திரிச்சு ஒரு சொம்பு தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிப்பாங்க, அப்புறம் ரெண்டு வாட்டி பாத்ரூம், வந்து படுத்தா வாய் பழையபடி காஞ்சு கெடக்கும். அது தாகமே இல்லைங்க, எச்சில் ஊறல, அவ்ளோதான். ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சில் ஊறும், தூக்கத்துல அது ரொம்ப கம்மியாயிடும், அதான் ராத்திரில படுத்துது.

முதல்ல மாத்திரைய பாருங்க. தும்மலுக்கு போடுற அலர்ஜி மாத்திரை, மனசுக்கு, தூக்கத்துக்கு குடுக்கிறது, பிரஷருக்கு நீர் பிரியுற மாத்திரை, இதுல எது வேணா வாய காய வைக்கும். அம்மாவுக்கு அலர்ஜி மாத்திரைதான், கூடவே மூக்கடைப்புல வாயத் திறந்துட்டே தூங்குறது வேற. நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா மாத்தியோ நேரத்த தள்ளியோ குடுப்பாங்க.

தண்ணிய பக்கத்துலயே வச்சுக்கிட்டு ஒரு வாய், ஒரு வாயா நனைச்சுக்கோங்க. சக்கரை இல்லாத சூயிங்கம் மென்னா நல்லா ஊறும். புளிப்பு மிட்டாய் மட்டும் வேணாம், எச்சில் இல்லாத வாய்ல சக்கரை தங்கினா பல்லு சீக்கிரம் சொத்தையாகும், எலுமிச்சய சப்பிட்டே இருந்தாலும் பல்லுக்கு ஆகாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில கால் ஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு போட்டு கொப்பளிங்க, கடைல விக்கிற சுர்ருனு எரியுற மவுத்வாஷ்ல ஆல்கஹால் இருந்தா இன்னும் காயும். ஃப்ளூரைடு பேஸ்ட்டுல ரெண்டு வேளை தேய்ங்க. காபி, சிகரெட், பாக்கு கொறைங்க (அம்மா காபிய மட்டும் விடமாட்டேன்னுட்டாங்க). முறுக்கு, ரஸ்க்லாம் தொண்டைல நிக்கும், இட்லிய சாம்பார்ல ஊற வச்சு சாப்பிடுங்க. பல்செட்ட ராத்திரி கழட்டி தண்ணில போட்ருங்க.

இவ்ளோ பண்ணியும் கேக்கலன்னா செயற்கை எச்சில் ஸ்ப்ரே மெடிக்கல்ல கெடைக்கும். ஆனா அடிக்கடி ஒண்ணுக்கு போயிட்டு எடையும் கொறைஞ்சா உடனே சுகர் டெஸ்ட் எடுங்க. கண்ணும் சேர்ந்து மண்ணு விழுந்த மாதிரி உறுத்தி, மூட்டும் வலிச்சா அது ஜோக்ரன்ஸ்ங்கிற வியாதியா இருக்கலாம் (நம்ம எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர் சுரப்பிய தாக்குறது), மூட்டுவாத டாக்டர (ரூமட்டாலஜிஸ்ட்) பாருங்க. நாக்குல வெள்ளையா படிஞ்சு எரிஞ்சா பூஞ்சைத் தொற்றா இருக்கலாம், அதுக்கு மருந்து தனி.