ஊருக்குப் போகிறீர்களா? வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ இரண்டு வார லீவில் காரைக்குடிப் பக்கம் வருகிறோம். வந்த மூன்றாம் நாள் பங்காளி ஒருவர் வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) வந்து உட்கார்ந்து, "வந்தது வந்துட்டே தம்பி, வீட்டு விஷயத்தையும் முடிச்சிட்டுப் போயிடு" என்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது அந்தப் படைப்பு நாளில்தான் என்பதால் சொல்கிறார். பத்திர எழுத்தர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார். விமானத்துக்கு ஐந்து நாள்தான் இருக்கும். பத்துப் பக்கத்தில் பாதிச் சொல் புரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் இருபது வருடம் இருந்துவிட்டு அப்பச்சியின் (அப்பாவின்) சொத்தை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோதுதான், எந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று தெரிந்தது. தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் 'பங்கு'. கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ தேவகோட்டையோ, நம் பக்கத்துப் பெரிய வீட்டை நாம் 'எங்கள் வீடு' என்கிறோம். காகிதத்தில் நம்முடையது பெரும்பாலும் ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று, சில வீடுகளில் இருபத்து நாலில் ஒன்று. வளவைச் சுற்றியுள்ள, இரட்டை வீடுகள் எனப்படும் அறைகளில் ஒன்றின் சாவி நம்மிடம் இருக்கும். அந்த அறை சட்டப்படி நமக்கே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அந்த அறை உங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் அது உண்மை. இல்லையென்றால் உங்களிடம் இருப்பது 'பிரிபடாத பங்கு': முகப்பிலும் பட்டாலையிலும் இரண்டாம் கட்டிலும் ஒவ்வொரு தேக்குத் தூணிலும் எல்லோருக்கும் பங்கு. சாவி என்பது குடும்பத்துக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

இதனால் மூன்று விஷயம் வருகிறது. பிரிபடாத பங்கின் மேல் வங்கிகள் பொதுவாகக் கடன் தரத் தயங்கும். ஒரு பங்காளி தனியாகத் தூணையும் கதவையும் கழற்றி விற்க முடியாது. அது எல்லோருக்கும் சொந்தம். அப்புறம், ஒருவர் தன் பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால், அந்த வெளியாள் பாகம் கேட்டு வழக்குப் போடும்போது, குடும்பத்தில் உள்ள பங்குதாரர் அந்தப் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்புக்கு வாங்கிக்கொள்ளலாம். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு குடும்பம் வாழும் வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. நம் ஊர் வீடுகளுக்கு இது பெரிய அரண். பலருக்குத் தெரியவில்லையே என்பது என் வருத்தம்.

பங்கைக் கைமாற்றும் பத்திரங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள். பாகப்பிரிவினை என்றால் எல்லோரும் பிரித்துக்கொள்கிறோம், ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி வரும். விடுதலைப் பத்திரம் என்றால் நம் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளியேறுகிறோம். பணம் வாங்கியோ வாங்காமலோ, அதோடு நம் உரிமை முடிந்தது. தான செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே கொடுப்பது, பொதுவாகப் பிறகு திரும்ப வாங்க முடியாது. உயில் இறந்த பிறகுதான் செல்லும். எழுதியவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. கிரயம் என்றால் விற்பனை.

என் குடும்பத்தில் பெரியப்பச்சி ஒருவர் பாகப்பிரிவினை என்று நினைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். எழுதியவர் ஏமாற்றவில்லை, "எல்லாம் ஒண்ணுதான்" என்று யாரோ சொன்னதை இவர் நம்பினார். ஒன்று இல்லை. பத்திரத்தின் முதல் பக்கத்தில் தலைப்பு இருக்கும். அதை மட்டுமாவது வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் 'கூர்ச்சீட்டு' என்று ஒரு பழைய காகிதம் இருக்கலாம். ஐயா காலத்தில் பங்காளிகள் உட்கார்ந்து யாருக்கு எது என்று எழுதிக்கொண்டது, பதிவு செய்யாதது. அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு உரிமை நாட்டுவது கடினம்தான். ஆனால் யார் யார் எப்படி அனுபவித்து வந்தார்கள் என்று வழக்கறிஞருக்குக் காட்ட அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

பெண்களின் பங்கைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். "அவளுக்குத்தான் சீர் எல்லாம் செஞ்சாச்சே" என்பது சட்டம் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமையைப் பிறப்பிலேயே கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளைத் திருத்தம் தொடவில்லை. ஆகவே வீட்டுப் பெண்களான ஆச்சிமார் கையெழுத்து இல்லாத பத்திரத்தை விவரம் தெரிந்த எந்த வழக்கறிஞரும் 'சுத்தம்' என்று எழுதித் தரமாட்டார். மலேசியாவிலோ லண்டனிலோ இருக்கும் அக்காவிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் உரிமை அது.

குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை, தானம், விடுதலை செய்தால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் தமிழக அரசு அதை 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டணத்தின் வரம்பை 10,000 ரூபாயாகவும் உயர்த்தியது. பாகப்பிரிவினையில் இது ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி. ஆனால் சட்டம் சொல்லும் 'குடும்பம்' நாம் நினைக்கிற அளவுக்குப் பெரியதில்லை. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்ற வட்டம் அது. மூன்று தலைமுறைக்கு முந்திப் பிரிந்த பங்காளிகள் அதற்குள் வருகிறார்களா என்பதைப் பத்திர எழுத்தரிடம் முதல் நாளே கேளுங்கள். வெளியாளிடம் கிரயம் என்றால் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாகக் காட்டினால் தீர்வையில் சிக்கல் வரும்.

அடுத்து, கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள். மூலப்பத்திரம் சொத்து எப்படி நம் குடும்பத்துக்கு வந்தது என்று சொல்லும். பழைய பத்திரங்களில் 'இராமநாதபுரம் ஜில்லா' என்று இருந்தால் பதறாதீர்கள்; சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது. பொன்னமராவதிப் பக்கத்து ஊர்களில் 1948-க்கு முந்திய பத்திரம் புதுக்கோட்டை சமஸ்தானத்துடையதாக இருக்கும். பட்டா வருவாய்த் துறை தருவது. யார் பெயரில் நிலத் தீர்வைக் கணக்கு இருக்கிறது என்று காட்டும், அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. ஊருக்குள் இருக்கும் வீட்டுமனைகள் பெரும்பாலும் நத்தம் (குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்) என்பதால் நத்தம் பட்டா கேளுங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

வில்லங்கச் சான்றை எல்லோரும் 'ஈசி' என்கிறார்கள். குறிப்பிட்ட காலத்தில் அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம், தானம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பதிவுத்துறையின் இணையதளத்தில் வெளிநாட்டிலிருந்தே பார்க்கலாம். பழைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பதிவாகாத எதுவும் ஈசியில் வராது என்பதை நினைவில் வையுங்கள். உயில், நீதிமன்ற வழக்கு, யாரிடமோ பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிய கைக்கடன், இதெல்லாம் அங்கே தெரியாமல் போகலாம்.

இனி 'ஒத்தி'. இதில்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டேன். ஒத்தி என்றால் சொத்தை ஒருவரிடம் ஒப்படைத்து ஒரு தொகை வாங்குகிறோம். அவர் குடியிருப்பார், அல்லது நிலமென்றால் பயிர் வைத்து எடுத்துக்கொள்வார். அந்த அனுபோகம்தான் வட்டி. தொகையைத் திருப்பினால் சொத்தைத் திருப்ப வேண்டும். சட்டத்தில் இதற்கு சுவாதீன அடமானம் என்று பெயர். காரைக்குடித் தெருக்களில் 'வீடு ஒத்திக்கு விடப்படும்' என்று பலகை பார்த்திருப்பீர்கள். மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பது. லீவுக்கு வரும்போது வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்தைப் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சி வைத்துப் பதிய வேண்டும் என்பது சட்டம் என்று சொல்லுங்கள். முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது போதாது.

எங்கள் அப்பச்சி ஊர்க் கோடியில் இருந்த ஒரு நிலத்தை ஒத்திக்கு வைத்துப் பத்து வருடம் கழித்துப் பணம் கொடுத்து மீட்டார். நிலம் கைக்கு வந்துவிட்டது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'ரசீது' பதியவில்லை. கடன் தீர்ந்தது என்று பணம் கொடுத்தவர் எழுதிப் பதிந்து தரும் பத்திரத்துக்கு ரசீது என்று பெயர். முப்பது வருடம் கழித்து நாங்கள் விற்கப் போனபோது ஈசியில் அந்த ஒத்தி அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒத்தி பிடித்தவர் காலமாகிவிட்டார். அவருடைய ஐந்து வாரிசுகளைத் தேடிப்பிடித்து, பினாங்கில் இருந்த ஒருவருக்காக எட்டு மாதம் காத்திருந்து, பிறகுதான் ரசீது வாங்கினோம். உங்கள் ஈசியில் அடமானம் ஒன்று இருந்து அதற்குக் கீழே ரசீது இல்லையென்றால், இந்த லீவில் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

வேறு மாதிரியும் நடக்கும்: ஒத்தி இன்னும் தீராமல், ஐம்பது வருடமாக வேறு யாரோ அனுபவித்துக்கொண்டிருப்பார்கள். "முப்பது வருஷம் தாண்டியாச்சு, இனிமே கேக்க முடியாது" என்பார்கள். சுவாதீன அடமானத்தில் அடமானம் வைத்த நாளிலிருந்து முப்பது வருடம் கணக்கிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்.

'கிரயம் எழுதிக் கொடுங்க, பணம் கொடுத்ததும் திருப்பி எழுதித் தர்றேன்' என்று கடன் கொடுப்பவர் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் எழுதப்பட்டிருந்தால்தான் அதை அடமானமாகப் பார்க்க வழியுண்டு. வாய்ச்சொல்லிலோ தனிக் காகிதத்திலோ இருந்தால் அது விற்பனையாகவே நின்றுவிடும்.

வங்கி அடமானத்தில் நாம் பத்திரத்தின் அசலைக் கொடுக்கிறோம். அதை 'பத்திர ஒப்படைப்பு' அல்லது எம்.ஓ.டி. என்பார்கள். வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் எவ்வளவு தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது: 30 லட்சம் வரை கடனுக்கு 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. மீதி நம் கைப்பணம். கடன் முழுதும் தீர்ந்தால் வங்கி 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும், அவர்கள் தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. பத்திரங்களைத் திரும்ப வாங்கும்போதே எம்.ஓ.டி.க்கும் ரசீது பதிந்து வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று சில விதிகள். இந்தியக் குடியுரிமை உள்ளவர்களும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவர்களும் வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள், ஓசிஐ இல்லையென்றால், ஐந்து வருடம் வரையிலான குத்தகையைத் தவிர வேறு விதமாக இந்தியாவில் சொத்து வாங்கவோ கைமாற்றவோ ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். கொழும்பிலிருந்து வரும் உறவுகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். நீங்கள் விற்கும்போது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தர வேண்டும். உள்ளூர்க்காரர் விற்றால் 50 லட்சத்துக்குக் கீழே வரி பிடிக்க வேண்டாம் என்ற எல்லை உங்களுக்குப் பொருந்தாது. லாபம் குறைவு என்றால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையிடம் கிரயத்துக்கு முன்பே வாங்க வேண்டும்.

கடைசியாகப் 'பவர்'. எல்லோரும் ஒரே நாளில் வர முடியாது என்பதால் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்போம். வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரியிடமோ கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். என்ன வேலைக்கு என்று குறிப்பிட்ட பவராகக் கொடுங்கள்: 'இந்த சர்வே எண்ணில் உள்ள வீட்டின் பாகப்பிரிவினையில் எனக்காகக் கையெழுத்திட' என்று. விற்க, அடமானம் வைக்க, பணம் வாங்க என்று எல்லாவற்றையும் அடுக்கும் பொது அதிகாரத்தை, எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், வரைவிலேயே அடித்துவிடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பவரை ரத்துப் பத்திரம் எழுதிப் பதிந்து, அவருக்கும் கடிதம் அனுப்பிவிடுங்கள். ரத்துப் பத்திரத்தின் நகலை நீங்கள் ஒன்று வைத்துக்கொண்டு, ஊரில் வீட்டுச் சாவி வைத்திருப்பவரிடமும் ஒன்று கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.